தொலைநகற் பொறிக்கு ஒரு பூட்டு

பூட்டு என்றவுடன் நம்மவர்க்குத் திண்டுக்கல் நினைவுக்கு வரும். கதவுக்குப் பூட்டு, பணப்பெட்டிக்குப் பூட்டு, நெற்களஞ்சியத்துக்குப் பூட்டு என்று வகை வகையாகச் செய்து தரும் ஊர் அது. ஆனால் இரும்பும் பித்தளையும் சேராத பூட்டு ஒன்று உண்டு. அது வெறும் எண்களால் ஆனது. அலுவலகங்களில் ஃபாக்ஸ் என்று நாம் சொல்லி வந்த தொலைநகற் பொறியை, கண்டவர் கையாளாதபடி காப்பதற்கு அமைக்கும் மறை எண்ணையே சொல்கிறேன். அதைப் பற்றிச் சில செய்திகளையும், அதன் வழியாக நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

“தொலைநகலின் காலமே முடிந்துவிட்டதே, இப்போது அதற்குப் பூட்டு எதற்கு?” என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் விடைபெற்றது உண்மை. ஆனால் தொலைநகல் அவ்வாறு முற்றும் மறைந்துவிடவில்லை. ஜப்பானிய அலுவலகங்கள் பலவற்றிலும் அமெரிக்க மருத்துவமனைகளிலும் அது இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. நம் அலுவலகங்களிலோ, அச்சிடுதல், படியெடுத்தல், தொலைவுக்கு அனுப்புதல் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யும் பெரிய பொறிக்குள் அது குடிபுகுந்துவிட்டது. ஆகவே தொலைநகலுக்குச் சொல்வது அந்தப் பெரிய பொறிக்கும் பொருந்தும்.

முதலில், இந்தப் பொறி செய்வது என்ன என்பதைப் பார்ப்போம். இது நேற்றுப் பிறந்த கருத்து அன்று. ஸ்காட்லாந்துக் கடிகாரத் தொழிலாளரான அலெக்சாண்டர் பெயின் என்பவர், மின்கம்பி வழியாக உருவங்களை அனுப்பும் முறைக்கு 1843ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். தொலைபேசி பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முந்திய செய்தி இது. இத்தாலியப் பாதிரியாரான கசெல்லி அமைத்த பொறிகள், 1865இல் பாரிஸ், லியோன் ஆகிய நகரங்களுக்கிடையே பொதுமக்களின் கடிதங்களைக் கொண்டுசென்றன. 1966இல் ஜெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பொறி ஒரு பக்கத்தை அனுப்ப ஏறத்தாழ ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. 1980இல் எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதிமுறை ஒன்று வகுக்கப்பட்ட பின்னர், ஒரு பக்கம் ஒரு நிமிடத்திலேயே போய்ச் சேரலாயிற்று. உலகெங்கும் தொலைநகல் பரவியதற்கு இதுவே பெருங்காரணம்.

அந்த விதிமுறைப்படி, தாளின் அகலத்தில் ஒவ்வொரு வரியும் 1,728 புள்ளிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா, வெளுப்பா என்று பொறி பார்க்கிறது. பார்த்ததை ஒலிக்குறிகளாக்கித் தொலைபேசிக் கம்பியில் செலுத்துகிறது. மறுமுனைப் பொறி அக்குறிகளை மீண்டும் புள்ளிகளாக்கித் தாளில் பதிக்கிறது. அதன் வேலை அவ்வளவே. தன்முன் நிற்பவர் யார் என்று அது கேட்பதில்லை. வந்த தாள் யாருக்கு உரியது என்றும் அது அறியாது. தாளின் உச்சியில் அனுப்பியவரின் எண் அச்சாகி வருகிறதே என்பீர்கள். அது, அனுப்பும் பொறிக்கு உரியவர் தாமே பதித்து வைத்த எண். அது மெய்தானா என்று இடையில் எவரும் சரிபார்ப்பதில்லை.

ஆள் அறியாத பொறிக்கு வாசல்கள் இரண்டு. ஒன்று செய்தி வெளியே போகும் வாசல். மற்றொன்று செய்தி உள்ளே வரும் வாசல். இவ்விரண்டையும் தனித்தனியே காக்க வேண்டும். இதை நான் பட்டறிந்த விதத்தைச் சொல்கிறேன்.

2004ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் ஒரு தொலைநகற் பொறி வாங்கித் தந்தார்கள். அதை அலுவலக முன்கூடத்தில், சன்னலோரமாக ஒரு மேசைமேல் வைத்தோம். முதல் சில மாதங்கள் தொல்லை இல்லை. பின்னர்த் தொலைபேசிக் கட்டணம் ஏறத் தொடங்கிற்று. இரண்டு மாதத்துக்கு 400 ரூபாய் அளவில் வந்துகொண்டிருந்த தொகை 1,100 ரூபாயைத் தொட்டது. கட்டணச் சீட்டில் தொகை இருந்ததேயன்றி, யார் எங்கே பேசினார், எங்கே அனுப்பினார் என்ற விவரம் இல்லை.

அலுவலகத்தில் இருபது வயதை அடுத்த உதவியாளர் ஒருவர் இருந்தார். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியிறுதித் தேர்வு எழுதித் தேறியவர் அவர்தாம். காலையில் அலுவலகத்தைத் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் அவர் பொறுப்பு. சாவி அவரிடம் இருந்தமையால் ஐயமும் அவர்மேலேயே சென்றது. ஒருநாள் எழுத்தர்கள் இருவரும் அருகில் இருக்கும்போதே, “தம்பி, மாலையில் எல்லாரும் போனபின் எங்கெல்லாம் பேசுகிறாய்?” என்று கேட்டுவிட்டேன். “ஐயா, துடைப்பதைத் தவிர அந்தப் பொறியை நான் தொட்டதுகூட இல்லை” என்றார் அவர். நான் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்பது என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

பொறியோடு வந்த கையேட்டைப் புரட்டி, மறை எண் அமைக்கும் முறையைக் கண்டுபிடித்தேன். நான்கு இலக்கம் கேட்டது. மறக்காமல் இருக்க வேண்டுமே என்று பள்ளி தொடங்கிய ஆண்டான 1936ஐ அமைத்தேன். துணைத் தலைமையாசிரியருக்கும் எழுத்தர்களுக்கும் அதைச் சொன்னேன், உதவியாளரிடம் சொல்லவில்லை. பூட்டிவிட்டோம் என்ற நிறைவு எனக்கு. அடுத்த கட்டணச் சீட்டு முன்னதைவிடச் சற்றே கூடுதலாக வந்தது.

பொறியைச் செப்பனிட வந்த தொழிலாளரிடம் இதைச் சொன்னேன். அவர் சன்னல் வழியே பள்ளியின் நுழைவாயிலைச் சுட்டிக்காட்டினார். வளைவின் நெற்றியில் 1936 என்று கல்லில் பொறித்திருந்தது! வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படியில் தொங்கவிட்டவன் நிலையில் நான் இருந்தேன்.

கணக்கு ஆசிரியனாக இருந்தவன் நான். அந்தக் கணக்கையாவது முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நேயர்களும் மனத்துக்குள் போட்டுப் பாருங்கள். நான்கு இலக்கத்தில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் அமையும். ஓர் எண்ணை அழுத்திப் பார்க்க 5 விநாடி ஆகும் என்று கொள்வோம். எல்லாவற்றையும் முயன்று பார்க்க 50,000 விநாடி, அதாவது ஏறக்குறைய 14 மணி நேரம் வேண்டும். நல்ல பூட்டுத்தான். ஆனால் அது ஓர் ஆண்டாக இருக்கும் என்று ஊகிப்பவனுக்கு, 1900 முதல் 1999 வரை 100 எண்களே மிச்சம். 500 விநாடி, அதாவது எட்டே கால் நிமிடத்துக்குச் சற்று மேல், அவனுக்குப் போதும். பிறந்த நாளையும் மாதத்தையும் வைத்தாலோ 366 எண்கள்தாம். அரை மணி நேரத்தில் திறந்துவிடும். ஆறு இலக்கமாக, எவ்விதத் தொடர்பும் இன்றி அமைத்தால் 10 லட்சம் எண்கள்; இரவு பகலாக முயன்றாலும் 58 நாள் ஆகும். மூன்று முறை தவறினால் சிறிது நேரம் செயலற்றுப் போகும் பொறியாயின் இன்னும் நல்லது.

பாரிஸ் நகரில் மொழி கற்பித்த ஆசிரியர் ஒருவர் இதை நன்கு உணர்ந்திருந்தார். கெர்க்காஃப்ஸ் என்பது அவர் பெயர். படைத்துறைச் செய்திகளை மறைத்து அனுப்புவது பற்றி 1883இல் அவர் எழுதிய கட்டுரைகள் இன்றும் அத்துறையின் அடிப்படையாகப் போற்றப்படுகின்றன. பூட்டின் அமைப்பு பகைவனுக்கு முழுதும் தெரிந்திருந்தாலும் தீங்கில்லை; சாவி ஒன்றே மறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம். அச்சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் நினைவில் வைக்க இயல வேண்டும்; விரும்பியபோது மாற்றவும் இயல வேண்டும் என்றும் அவர் வரையறுத்தார். எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பொறியின் பக்கவாட்டில் ஒட்டி வைக்கும் அலுவலகங்களுக்கு அவர் சொன்னது இன்றும் பாடமாகும். பொறி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதில் ஓர் எண் அமைந்திருப்பதும் உண்டு. அது கையேட்டில் அச்சாகியிருக்கும். அதே வகைப் பொறியை வாங்கிய அனைவருக்கும் அது தெரியும். வாங்கிய அன்றே மாற்ற வேண்டிய எண் அது.

செப்பனிட வந்தவர் அடுத்து ஒன்று சொன்னார்: “ஐயா, நான்கு பேருக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால், தவறு நடந்தபோது நான்கு பேரும் கள்வர், அல்லது ஒருவரும் கள்வரல்லர். ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். இந்தப் பொறியில் அதற்கு வசதி இருக்கிறது.” பிரிவுக்கு ஓர் எண், அல்லது ஆளுக்கு ஓர் எண் என்று அமைத்துவிட்டால், தாளை அனுப்புமுன் பொறி அந்த எண்ணைக் கேட்கும். எந்த எண்ணுக்கு உரியவர், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த ஊருக்கு, எத்தனை பக்கம் அனுப்பினார் என்பதையெல்லாம் குறித்து வைக்கும். மாத முடிவில் ஒரு பொத்தானை அழுத்தினால் அப்பட்டியல் அச்சாகி வரும். சில பொறிகளில், முன்கூட்டியே பதிந்து வைத்த முகவரிகளுக்கு மட்டும் அனுப்பலாம் என்றும் கட்டுப்படுத்தலாம். புதிய எண்ணாயின் இருமுறை அழுத்தச் சொல்லிச் சரிபார்க்கவும் செய்யலாம். இந்த இரண்டாவது ஏற்பாடு கள்வரைத் தடுப்பதற்கன்று. ஓர் இலக்கம் மாறியதால் வேறொருவர் வீட்டுக்கு நம் கடிதம் போய்விடாமல் காப்பதற்கு.

துணைத் தலைமையாசிரியர், எழுத்தர் இருவர், நான் என்று நால்வருக்கும் தனித்தனி எண் அமைத்தார் அவர். உதவியாளருக்கும் ஒன்று தரட்டுமா என்று கேட்டபோது நான் தயங்கினேன். “அவருக்குக் கொடுக்காவிட்டால், பிறர் எண்ணை அறிந்து அனுப்பினார் என்றுதான் மீண்டும் பேச்சு வரும். கொடுத்துவிடுங்கள்” என்றார். கொடுத்தோம்.

மாத முடிவில் பட்டியலை அச்சிட்டேன். உதவியாளரின் எண்ணுக்கு நேரே ஒன்றுமே இல்லை. எழுத்தர்களின் எண்களுக்கு நேரே கல்வித்துறை அலுவலகங்களுக்குச் சென்ற கடிதங்கள் இருந்தன. என் எண்ணுக்கு நேரே, நான் அறியாத வெளியூர் எண் ஒன்றுக்கு 11 முறை தாள்கள் சென்றிருந்தன. எல்லாம் சனிக்கிழமைகள். சிறப்பு வகுப்புக்காகப் பள்ளி திறந்திருக்கும் நாள்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. ஊரில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் தம் வாணிகத்துக்காக “ஒன்றிரண்டு தாள்” அனுப்பிக்கொள்ள ஒருமுறை கேட்டார். தாட்சணியத்தால் சரி என்றேன். புதிய எண் அமைத்த பின்னரும் அவர் வந்து கேட்க, மேசைக்கு எதிரிலேயே அமர்ந்து என் எண்ணை அவரிடம் சொன்னவனும் நானே. எழுத்தரை அழைத்து விசாரித்தேன். “ஆறேழு மாதமாகவே சனிக்கிழமைதோறும் வருகிறார், ஐயா. தங்கள் நண்பராயிற்றே என்று நாங்கள் சொல்லவில்லை” என்றார் அவர்.

கூடுதல் கட்டணத்தை என் கையிலிருந்து செலுத்தினேன். அது எளிய வேலை. அடுத்த வேலைதான் கடினமாக இருந்தது. மறுநாள் காலை, அன்று நான் ஐயுற்றுக் கேட்டபோது அருகிலிருந்த அதே எழுத்தர்களின் முன்னிலையில் உதவியாளரை அழைத்து, “தம்பி, அன்று நான் கேட்டது தவறு. பிழை என்னுடையது. மன்னித்துக்கொள்” என்றேன். “பெரியவர்கள் அப்படிச் சொல்லக்கூடாது, ஐயா” என்று பதறினார். பின்னர்ச் சற்று நேரம் நின்று, “எனக்கும் ஓர் எண் கொடுத்தீர்களே, அதுவே நல்லதாயிற்று. இல்லாவிட்டால் நான்தான் என்று இன்றும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்” என்றார். முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்தவனுக்கு அந்த இளைஞர் கற்பித்த பாடம் அது.

இனி இரண்டாவது வாசலைப் பார்ப்போம். வெளியே போகும் வாசலைப் பூட்டிய எங்களுக்கு, உள்ளே வரும் வாசல் திறந்து கிடந்தது தெரியவில்லை. ஒருமுறை, மாணவி ஒருத்தியின் நோய் பற்றிய மருத்துவ அறிக்கையை அவள் தந்தையார் எனக்குத் தொலைநகலில் அனுப்பியிருந்தார். நான் வகுப்பில் இருந்தேன். தாள் பொறியின் தட்டில் விழுந்து, எழுத்து மேல்நோக்கியபடி கிடந்தது. அலுவலகத்துக்கு வந்துபோனவர்கள் கண்ணில் பட்டது. பிற்பகலுக்குள் அவள் வகுப்பு முழுவதும் பேச்சாயிற்று. அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. இங்கே கள்வர் எவரும் இல்லை. எவரும் பூட்டை உடைக்கவும் இல்லை. பூட்டே இல்லை என்பதுதான் குறை.

இதற்கும் பொறியில் வழி இருக்கிறது. வரும் தாளை உடனே அச்சிடாமல் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். உரியவர் வந்து மறை எண்ணை அழுத்திய பின்னரே தாள் வெளிவரும். இரவிலும் விடுமுறை நாளிலும் மட்டும் இவ்வாறு இயங்கும்படி அமைக்கவும் பல பொறிகள் இடம் தருகின்றன. சிலவற்றில் ஆளுக்கொரு பெட்டி அமைத்து, பெட்டிக்கொரு எண் வைக்கலாம். அஞ்சலகத்தில் தனிப்பெட்டி வைத்திருப்பது போன்றது இது. இன்றைய பெரிய பொறிகளில், கணினியிலிருந்து அச்சிட அனுப்பிய தாள்கூட, அனுப்பியவர் பொறியருகே வந்து தம் எண்ணை அழுத்தும்வரை காத்திருக்கும். ஆயினும் நினைவகத்துக்கும் எல்லை உண்டு. பல நாள் எடுக்காமல் விட்டால் அது நிரம்பிப் புதிய தாளை ஏற்க மறுக்கும். நெடுநேரம் மின்சாரம் தடைப்பட்டால், பொறியின் அமைப்பைப் பொறுத்து, வைத்திருந்த தாள்கள் அழிந்துபோவதும் உண்டு. ஆகவே பூட்டினால் மட்டும் போதாது. நாள்தோறும் திறந்து பார்க்கவும் வேண்டும்.

மறை எண்ணால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். சில பொறிகள் மை தோய்ந்த நாடாவைக்கொண்டு அச்சிடுகின்றன. அச்சான எழுத்தெல்லாம் அந்த நாடாவில் வெண்ணிறத்தில் அப்படியே பதிந்திருக்கும். தீர்ந்த நாடாவைக் குப்பையில் எறிவது, அதுவரை வந்த கடிதங்களையெல்லாம் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும். நறுக்கியே அழிக்க வேண்டும். பெரிய பொறிகளுக்குள் கணினியில் உள்ளதைப் போன்ற சேமிப்புத் தட்டு இருக்கும். பழைய பொறியை விற்குமுன் அதை அழித்துவிட வேண்டும். பணியிலிருந்து ஒருவர் விலகினால் அவருடைய எண்ணை அன்றே நீக்க வேண்டும். இவையெல்லாம் பொறி தானே செய்யும் வேலைகள் அல்ல. பொறுப்புள்ள மனிதர் செய்ய வேண்டியவை.

“எண் கேட்டால் எங்களை நம்பவில்லை என்றுதானே பொருள்?” என்று பணியாளர் சிலர் வருந்துவதுண்டு. அவர்களுக்கு என் தொழிலிலிருந்தே ஒன்று சொல்வேன். பொதுத்தேர்வில் வினாத்தாள் உறையைப் பிரிக்குமுன், முத்திரை உடையாமல் இருப்பதை மாணவர்க்குக் காட்டி, அவர்களிடம் கையொப்பம் பெற்ற பின்னரே பிரிப்போம். ஆசிரியரைக் கள்வர் என்று கருதியா அந்த விதி அமைந்தது? இல்லை. பின்னொரு நாள் எவரேனும் பழி சொன்னால், அந்த இரண்டு கையொப்பங்களே ஆசிரியரைக் காக்கும். வங்கிப் பெட்டகத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒரு சாவியும் வங்கியிடம் ஒரு சாவியும் இருப்பதும், ஒருவர்மேல் மற்றவர் பழி சுமத்த இடமில்லாமல் செய்வதற்கே.

பூட்டு இல்லாத இடத்தில் ஐயம் எளியவர்மேலேயே போய் விழுகிறது. சாவி வைத்திருப்பவர், பெருக்குபவர், கடைசியாக வீடு திரும்புபவர் ஆகியோரே முதலில் பழிக்கு ஆளாகின்றனர். மதிப்பில் உயர்ந்தவர்களை நாம் கேட்பதே இல்லை. எண் அவ்வாறு ஆள் பார்ப்பதில்லை. தலைமையாசிரியர் பெயருக்கு நேரே 11 என்று எழுதவும், உதவியாளர் பெயருக்கு நேரே வெற்றிடம் விடவும் அதற்குத் தயக்கமில்லை.

ஆகவே, அலுவலகத் தலைவர்களாக இருக்கும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பொறிக்கு மறை எண் அமையுங்கள். ஊகிக்க முடியாததாக அமையுங்கள். ஆளுக்கொன்றாகக் கொடுங்கள், கடைசி ஊழியருக்கும் கொடுங்கள். பட்டியலை மாதந்தோறும் பாருங்கள். பார்க்கும்போது உங்கள் எண்ணுக்கு நேரே உள்ள வரிகளை முதலில் படியுங்கள்.